ஆறு அங்குல வயரும் அப்பாயியின் மூக்கும்



பி.காம் படிக்கிறவனுக்கு வயரிங் பற்றி எழுத என்ன தகுதி என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். டெபிட், கிரெடிட் தவிர வேறொன்றும் எனக்குச் சொல்லித் தரப்படவில்லை. ஆனால் போன செமஸ்டர் லீவில் எங்கள் வீட்டுச் சுவருக்குள் நான் பார்த்ததை எழுதாமல் இருந்தால் மனசு ஆறாது. அதனால் இந்தப் பதிவு.

எங்கள் ஊர் குன்னம் பக்கம். இந்தப் பக்கம் பஸ் ஏறினால் பெரம்பலூர், அந்தப் பக்கம் ஏறினால் அரியலூர். வீடு தொண்ணூறுகளில் கட்டியது. சமையலறைக்கும் அப்பாயி படுக்கும் அறைக்கும் நடுவில் ஒரு நாலரை இஞ்ச் சுவர். அந்தச் சுவரில் சமையலறைப் பக்கம் ஒரு பெரிய பிளக் பாயிண்ட். முன்பு 15 ஆம்பியர் என்று சொல்வார்கள், இப்போது 16 ஆம்பியர் என்று அச்சடித்து வருகிறதே, அதுதான். கிரைண்டர், இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் அதில்தான் ஓடும். சுவரின் மறுபக்கம் அப்பாயியின் கட்டில்.

லீவில் போன முதல் நாளே அப்பாயி சொன்னது: "சாயங்காலமானா ஒரு கருகல் வாடை அடிக்குதுடா தம்பி. உங்க அம்மாகிட்டச் சொன்னா அடுப்புல ஏதோ தீஞ்சிருக்கும்கிறா."

அப்பாயிக்கு எண்பது வயதுக்கு மேல். கண் சரியாகத் தெரியாது, காதும் மந்தம். அதனால் மூக்கையும் யாரும் நம்பவில்லை. நானும்தான். மூன்றாம் நாள் அம்மா சப்பாத்தி போட்டுக்கொண்டிருந்தபோது தற்செயலாக அந்தப் பிளக்கில் கை வைத்தேன். சுட்டது. லேசான சூடு இல்லை, கையை எடுத்துக்கொள்ளும் அளவுக்குச் சூடு. பிளக்கைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பு நிறமாகியிருந்தது.

சுவருக்குள் என்ன இருந்தது?

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஏழெட்டு மாதத்துக்கு முன்பு அந்த பிளக் பாயிண்ட் ஒரு தடவை எரிந்துபோயிருக்கிறது. பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஒருவரைக் கூப்பிட்டு மாற்றச் சொல்லியிருக்கிறார் அப்பா. வந்தவர் கருகிய பகுதியை வெட்டி எடுத்திருக்கிறார். வெட்டிய பிறகு பெட்டிக்குள் மிஞ்சியது இரண்டு விரற்கடை வயர்தான். புது சாக்கெட்டில் மாட்ட அது எட்டாது. அதனால் பையில் கிடந்த துண்டு வயரை எடுத்து, முறுக்கி, மேலே இன்சுலேஷன் டேப் சுற்றி, உள்ளே திணித்து, ஸ்குரூவை முடுக்கிவிட்டார். பதினைந்து நிமிட வேலை. லைட் எரிந்தது, கிரைண்டர் ஓடியது. எல்லோருக்கும் சந்தோஷம்.

இந்த முறை அரியலூரிலிருந்து மாமாவுக்குத் தெரிந்த ஓர் அண்ணனை வரவழைத்தோம். முறையாக லைசென்ஸ் வாங்கியவர். மெயினை அணைத்து, கவரைக் கழற்றி, சாக்கெட்டை வெளியே இழுத்தார். நான் டார்ச் பிடித்தேன். நான் பார்த்தவை இவை:

டேப் உருகிப் பசை வழிந்து, கறுத்த சக்கையாக இருந்தது. வீட்டு வயர் 2.5 சதுர மி.மீ. ஒட்டுப் போட்ட துண்டோ 1 சதுர மி.மீ., அதாவது லைட்டுக்குப் போடுகிற வயர். கடைசியாக, எர்த் வயரைக் காணவே இல்லை. அதுவும் எட்டவில்லை என்பதால் மடக்கி மூலையில் தள்ளிவிட்டிருக்கிறார்கள். அதாவது ஏழெட்டு மாதமாக அம்மா ஈரக்கையோடு எர்த் இல்லாத கிரைண்டரைத் தொட்டுக்கொண்டிருந்தார்!

நான் கேட்டேன்: "ஏண்ணே, இவ்வளவு சூடானா எம்.சி.பி. விழுந்திருக்கணும்ல?"

அவர் சிரித்தார். "அது எப்படித் தம்பி விழும்? அதுக்கு ஒண்ணும் தெரியாதே."

அன்று ராத்திரி காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிளஸ் டூவில் விட்டுப்போன இயற்பியல் கொஞ்சம் ஞாபகம் இருந்தது.

ஒரு சின்னக் கணக்கு

நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு முழு வேகத்தில் ஓடினால் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும். ஒழுங்கான இணைப்பில் மின்தடை கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம். ஆனால் முறுக்கிவிட்ட இணைப்பு தளர்ந்து, செம்பு கறுத்து, தடை அரை ஓம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வெப்பம் என்பது மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் வருவது. அந்த ஓர் இடத்தில் மட்டும் சுமார் 36 வாட் வெப்பம் வரும்.

36 வாட் என்றால் சின்ன விஷயமாகத் தோன்றும். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருக்குகிற சால்டரிங் அயர்ன் இருக்கிறதே, அது 25 வாட்தான்! அதைவிடச் சூடான ஒன்றை டேப் சுற்றிச் சுவருக்குள் வைத்து மூடியிருக்கிறோம். சாதாரண பி.வி.சி. வயரின் உறை 70 டிகிரி வரை தாங்கும்படி செய்யப்பட்டது. அதற்கு மேல் தொடர்ந்து போனால் இளகும், பிறகு கருகும்.

எம்.சி.பி. ஏன் விழவில்லை? ஏனென்றால் மின்னோட்டம் கூடவே இல்லை. தடை சேர்ந்ததால் உண்மையில் கொஞ்சம் குறைந்தே இருக்கும். எம்.சி.பி. பார்ப்பது எவ்வளவு ஆம்பியர் போகிறது என்பதை மட்டும்தான், எந்த இடம் சுடுகிறது என்பதை அல்ல. பழைய பீஸ் கட்டையும் அப்படித்தான். மின்கசிவைக் கண்டுபிடிக்கும் ஆர்.சி.டி. வைத்திருந்தாலும், கசிவு தொடங்கும்வரை அதற்கும் இது தெரியாது. எங்கள் வீட்டில் இதைக் கண்டுபிடித்த ஒரே பாதுகாப்புக் கருவி அப்பாயியின் மூக்கு :-)

குறை யாருடையது?

சட்டென்று அந்த முதல் ஆளைத் திட்டத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் கொஞ்சம் யோசித்தால் நம்முடைய பங்கும் தெரியும்.

முதலில், வயர் ஏன் எட்டவில்லை? வீடு கட்டும்போதே பெட்டிக்குள் வயரை ஒட்ட வெட்டிவிட்டார்கள். அமெரிக்காவின் தேசிய மின்விதித் தொகுப்பில், ஒவ்வொரு பெட்டியிலும் குறைந்தது 6 அங்குல வயர் உபரியாக இருக்க வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். காரணம் எளிது. சாக்கெட் என்றாவது எரியும், வயர் நுனி கருகும், வெட்ட வேண்டியிருக்கும். இரண்டு மூன்று தடவை வெட்டினாலும் மிச்சம் இருக்க வேண்டும்.

நம் ஊரில் வயரிங் வேலை பெரும்பாலும் பாயிண்ட் கணக்கில் பேசப்படுகிறது. ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு ரூபாய். சாமானோடு சேர்த்து ஒப்பந்தம் பேசினால், எவ்வளவு வயர் மிச்சம் பிடிக்கிறாரோ அவ்வளவு அவருக்கு லாபம். சாமான் நாமே வாங்கிக் கொடுத்தாலும், "என்னப்பா, இன்னொரு காயிலா?" என்று முகம் சுளிக்கிறவர்கள் நாம்தானே!

இங்கேதான் காமர்ஸ் மூளை வேலை செய்கிறது. ஒரு வீட்டில் 20 பெட்டி. ஒவ்வொன்றிலும் பேஸ், நியூட்ரல், எர்த் என்று மூன்று வயர். ஒவ்வொன்றுக்கும் 6 அங்குலம், அதாவது சுமார் 15 செ.மீ. கூட்டினால் 9 மீட்டர். ஒரு காயில் 90 மீட்டர். ஆக, ஒரு காயிலில் பத்தில் ஒரு பங்கு. முப்பது வருடம் வாழப்போகும் வீட்டில் இந்தப் பத்தில் ஒரு பங்கை மிச்சம் பிடித்து, அதற்குப் பதிலாகச் சுவருக்குள் நெருப்பை வாங்கி வைத்திருக்கிறோம். கணக்குப் பதிவியலில் 'எதிர்பாராப் பொறுப்பு' என்று ஒன்று உண்டு. இருப்புநிலைக் குறிப்பில் தொகையாக ஏறாது, அடிக்குறிப்பில் மட்டும் இருக்கும். ஆனால் வந்தால் மொத்தத்தையும் கொண்டுபோகும். டேப் சுற்றிய ஒட்டு அப்படிப்பட்டது.

இரண்டாவது, நாம் ஆளைத் தேர்ந்தெடுக்கும் விதம். "சும்மா ஒரு பிளக் மாத்தணும், யாராவது இருக்காங்களா?" இதுதான் நம் கேள்வி. நம் மாநிலத்தில் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று ஒன்று இருக்கிறது. அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் நடக்கிறது. வயரிங் வேலையில் அனுபவம் உள்ளவர்கள் எழுதிச் சான்றிதழ் வாங்கலாம். எத்தனை பேர் வேலைக்கு ஆள் கூப்பிடும்போது அந்தச் சான்றிதழைப் பற்றிக் கேட்டிருக்கிறோம்? நான் கேட்டதில்லை. அப்பாவும் கேட்டதில்லை. சான்றிதழ் வாங்கியவருக்கும் வாங்காதவருக்கும் ஒரே கூலிதான் என்றால் அவர் எதற்காக வாங்க வேண்டும்?

"முப்பது வருஷமா இப்படித்தான்"

அப்பா சொன்னது இது. "எல்லா வீட்டிலும் டேப் சுத்தித்தான் வெச்சிருக்கான். என்ன ஆகிப்போச்சு?"

அப்பா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. முப்பது வருடம் முன்பு எங்கள் வீட்டில் இரண்டு டியூப் லைட், ஒரு ஃபேன், ஒரு ரேடியோ. கால் ஆம்பியர் போகிற இடத்தில் ஒட்டு சுமாராக இருந்தாலும் சூடாகாது. வர்க்கக் கணக்கு அல்லவா? மின்னோட்டம் பத்து மடங்கு கூடினால் வெப்பம் நூறு மடங்கு. பிறகு 2006-க்கு மேல் அரசாங்கம் இலவச கலர் டி.வி. கொடுத்தது. 2011-க்குப் பிறகு மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் வந்தன. அதன்பின் நாமே வாஷிங் மெஷின், இண்டக்‌ஷன், ஹீட்டர் வாங்கினோம். பெரம்பலூர் வெயிலுக்கு இப்போது கிராமத்திலேயே ஏ.சி. மாட்டுகிறார்கள். பொருள்கள் எல்லாம் மாறின, சுவருக்குள் இருக்கிற வயர் மட்டும் அப்படியே இருக்கிறது. முப்பது வருடம் ஒன்றும் ஆகவில்லை என்பது அடுத்த முப்பது வருடத்துக்கு உத்தரவாதம் ஆகாது.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளைப் பார்த்தால், சமீப ஆண்டுகளில் இந்தியாவில் மின்சாரம் தாக்கி மட்டும் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேருக்கு மேல் இறக்கிறார்கள். எல்லாமே வீட்டுக்குள் நடந்தவை அல்ல. ஆனால் எர்த் வயரை மடக்கித் தள்ளிய அந்தப் பெட்டியைப் பார்த்த பிறகு, அந்த எண் எனக்கு வெறும் எண்ணாகத் தெரியவில்லை.

பிறகு எப்படிச் செய்வதாம்?

அந்த அண்ணன் செய்ததை அப்படியே சொல்கிறேன்.

மெயினை அணைத்தார். "இன்வெர்ட்டர் இருக்கா?" என்று கேட்டார். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயினை அணைத்தாலும் சில லைன்களில் மின்சாரம் இருக்கும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். பிறகு டெஸ்டரை எடுத்தார். அணைப்பதற்கு முன்பே மின்சாரம் உள்ள இடத்தில் வைத்து டெஸ்டர் எரிகிறதா என்று பார்த்துக்கொண்டவர், அணைத்த பிறகு ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்த்தார். கெட்டுப்போன டெஸ்டர் எரியாமல் இருப்பதை நம்பி வயரைத் தொட்டவர்கள் உண்டாம்.

பிளக் பாயிண்டுக்கு அவர் ஒட்டே போடவில்லை. மேலே இருந்த ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து, பழைய வயரோடு புது 2.5 சதுர மி.மீ. வயரைக் கட்டி, பைப் வழியாக மூன்றையும் புதிதாக இழுத்துவிட்டார். அவர் சொன்ன விதி: "பெரிய பிளக்குக்கு நீட்டறதைப் பத்தி யோசிக்காதீங்க. பைப்ல வழி இருந்தா புதுசா இழுக்கறதுதான் மரியாதை."

பக்கத்தில் இருந்த ஸ்விட்ச் போர்டிலும் வயர் குட்டைதான். அங்கே பைப்புக்குள் சிமெண்ட் பால் இறங்கி இறுகியிருந்ததால் புது வயர் போகவில்லை. சுவரை உடைக்க வேண்டும், அல்லது நீட்ட வேண்டும். அங்கேதான் முறையாக நீட்டுவதைப் பார்த்தேன்.

1. கருகிய, கறுத்த பகுதியைப் பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டினார். நுனியில் கனெக்டர் கேட்கிற அளவுக்கு மட்டும் (ஒரு செ.மீ. சொச்சம்) உறையை உரித்தார். இழை ஒன்றுகூட அறுபடக் கூடாதாம்.

2. நீட்டுகிற வயர் அதே தடிமன், அல்லது அதைவிடத் தடிமன். மெல்லிய துண்டைப் போட்டால் அந்தத் துண்டுதான் முழு லைனின் பலம்.

3. முறுக்கி டேப் சுற்றவில்லை. லீவர் வைத்த கனெக்டரில் இரண்டு நுனியையும் செருகி, லீவரை அழுத்தி, ஒவ்வொன்றையும் நன்றாக இழுத்துப் பார்த்தார். ஸ்குரூ வைத்த கனெக்டரோ, சரியான இடுக்கியால் அழுத்திய செம்புக் குழலோகூடப் பரவாயில்லை, ஆம்பியர் அளவு மட்டும் சரியாக இருக்க வேண்டும் என்றார்.

4. இணைப்பு பெட்டிக்குள்ளேயே, திறந்தால் தெரிகிற இடத்தில் இருந்தது. சுவரில் பூசி மறைக்கவோ பைப்புக்குள் தள்ளவோ கூடாது. கண்ணுக்குத் தெரியாத ஒட்டை நாளைக்கு யார் சோதிப்பது?

5. பேஸ், நியூட்ரல் போலவே எர்த் வயரையும் நீட்டினார். "பேஸ் எட்டலைன்னா லைட் எரியாது, உடனே தெரியும். எர்த் எட்டலைன்னா யாருக்கும் தெரியாது" என்றார். நான் மறக்கவே முடியாத வாக்கியம்.

6. பழைய வீடுகளில் அலுமினிய வயர் இருந்தால் செம்பு வயரை அதோடு நேரடியாக முறுக்கவே கூடாது. அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் படியும், இரண்டு உலோகமும் சேரும் இடம் அரிக்கும், ஒட்டு தளரும். அதற்கென்றே செய்த கனெக்டர் வேண்டும், அல்லது வயரையே மாற்ற வேண்டும்.

7. திணித்து அடைக்கவில்லை. பெட்டியில் இடம் போதாததால் ஆழமான பெட்டி ஒன்றை வாங்கிவரச் சொன்னார்.

கடைசியாக எம்.சி.பி. அளவைப் பார்த்தார். முன்பு அடிக்கடி விழுகிறதென்று யாரோ பெரிய எம்.சி.பி. மாட்டியிருந்தார்கள். வயருக்குத் தகுந்த அளவுக்கு அதையும் மாற்றினார். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.டி. ஒன்றையும் வைக்கச் சொன்னார், வைத்தோம்.

அப்படியானால் நாமே செய்யலாமா?

இவ்வளவு படித்ததும் கை துறுதுறுக்கும். எனக்கும் துறுதுறுத்தது. ஆனால் என் கருத்து: வேண்டாம். நம் நாட்டு மின் பாதுகாப்பு விதிகளில் ஒரு நல்ல பாகுபாடு இருக்கிறது. 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளிலேயே இருந்தது, பிற்பாடு மத்திய மின்சார ஆணையத்தின் விதிமுறைகளுக்கும் வந்தது. பல்ப், ஃபேன், ஃபியூஸ், ஸ்விட்ச் போன்றவற்றை அதே அளவில் மாற்றுவதற்கு விலக்கு உண்டு. அதைத் தாண்டி வீட்டு வயரிங்கில் சேர்ப்பது, மாற்றுவது, பழுதுபார்ப்பது எல்லாம் உரிமம் பெற்றவரின் வேலை. இது ஏதோ அவர்கள் பிழைப்புக்காக எழுதியது என்று நான் முன்பு நினைத்தேன். இப்போது நினைக்கவில்லை. ஸ்விட்ச் மாற்றியது தப்பாக இருந்தால் உடனே தெரியும். சுவருக்குள் போட்ட ஒட்டு தப்பாக இருந்தால் எட்டு மாதம் கழித்து, எல்லோரும் தூங்கும்போது தெரியும்.

ஆனால் கை வைக்க வேண்டாம் என்றால் கண்ணும் வைக்க வேண்டாம் என்று அர்த்தமில்லை. நாம் செய்யக்கூடியவை நிறைய. பிளக்கை ஓடவிட்டு, அணைத்த பிறகு தொட்டுப் பாருங்கள், சுடுகிறதா என்று. பழுப்பு நிறம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வேலைக்கு வந்தவர் மூடுவதற்கு முன்பு, "அண்ணே, ஒரு நிமிஷம், எர்த் மாட்டியாச்சா? ஒட்டு எங்க இருக்கு?" என்று கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நல்ல வேலைக்காரருக்குத் தன் வேலையைக் காட்டுவதில் பெருமைதான். புது வீடு கட்டுகிறீர்களா? பூச்சு முடிந்ததும் ஒவ்வொரு பெட்டியிலும் வயர் 6 அங்குலம் வெளியே தொங்குகிறதா என்று ஸ்கேலால் அளந்து பாருங்கள். தொங்காவிட்டால் பணம் கொடுக்காதீர்கள். தொங்கினால் பேசியதைவிட நூறு ரூபாய் கூடக் கொடுங்கள்.

அந்த அண்ணன் கேட்ட கூலி, முதல் ஆள் வாங்கியதைப் போல நான்கு மடங்கு. அப்பா வாயைத் திறப்பதற்குள் அம்மா எடுத்துக் கொடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் அப்பாயி கட்டிலில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். "இப்ப வாடை இல்லடா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நான் சொன்னப்பவே பாத்திருக்கலாம்ல?" என்றும் கேட்டார்.

பதில் சொல்ல எங்கள் யாரிடமும் ஒன்றுமில்லை. உங்கள் வீட்டில் யாராவது வயசானவர்கள் 'ஏதோ கருகுது' என்று சொன்னால், அடுப்பைப் பார்த்துவிட்டு அப்படியே சுவரையும் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள்.